கத்தி பிடிக்கும் கைக்கு ஓர் உரிமம்

குரங்கணியிலும் கொட்டகுடியிலும் போடியிலும் சலூன் நடத்தும் தோழர்களே, பார்லர் வைத்திருக்கும் சகோதரிகளே, ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, நம் மாநிலத்தில் முடிதிருத்தும் தொழிலுக்கு உரிமம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் அதிகாரி சொல்வார். யாருக்கு உண்டு? கடைக்கு உண்டு. இன்னின்ன தொழிலுக்கு உரிமம் இல்லாமல் ஓர் இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டம் விதித்தது. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சட்டம் மாறியது, பார்வை மாறவில்லை. இடம் யாருடையது, வரி கட்டியாயிற்றா, கட்டணம் எவ்வளவு என்றே உரிமத் தாள் கேட்கிறது. மலையேறும் ஜீப்புக்குப் பர்மிட் இருந்தால் மட்டும் போதுமா, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டாமா? மனிதன் கழுத்தில் கத்தி வைக்கும் தொழிலில் அந்தக் கேள்வியை இன்றுவரை அரசு கேட்கவில்லை.

கேட்டாக வேண்டிய காரணம் ரத்தம். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் பிழைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பிளேடில் ஒட்டியிருந்தாலே அடுத்த ஆளுக்குத் தொற்றிவிடும். ஆளுக்கொரு புது பிளேடு போடும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது, அதற்காக நம் தொழிலாளர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பிளேடோடு முடிந்துவிடும் விஷயமா இது? ஒரே படிகாரக் கல் பத்துப் பேர் கன்னத்தில் ஏறுகிறது. டிரிம்மரின் பல்லிடுக்கில் படர்தாமரை அடுத்தவர் பிடரிக்குப் போகிறது. டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் போதும் என்று நம்பும் கடைகள் ஏராளம். இது தொழிலாளியின் குற்றம் அல்ல. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது, வாடிக்கையாளரின் ஆதார் எண்ணைக் கூட எழுதி வைக்கச் சொல்லி சலூன்களுக்கு அரசு உத்தரவு போட்டது. நோய் பயம் இருந்தபோது ஒரே நாளில் விதி எழுத முடிந்ததென்றால், பயம் போன பிறகு ஏன் முடியாது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மையம் சலூனுக்கான உரிமத்தில் இயங்கியது என்று அன்றைய செய்திகள் சொல்லின. கடைக்குக் கொடுத்த தாள், உள்ளே நடப்பது கட்டிங்கா, மயக்க ஊசியா என்று பார்க்கவில்லை. ஊசி, லேசர், முடி நடுதல் எல்லாம் மருத்துவம். கோடு அங்கே கண்டிப்பாக விழ வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எளிய தொழிலாளியை நிம்மதியாக விட வேண்டும்.

"உரிமம் என்றாலே ஏழை வயிற்றில் அடிப்பது" என்று ஒரு வாதம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. 2025இல் ஊராட்சிப் பகுதிச் சிறுகடைகளுக்கும் தொழில் உரிமம் என்று விதி வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, அரசு அதை நிறுத்தி வைத்தது. கட்டணம் வாங்குகிறாயே, பதிலுக்கு என்ன தருகிறாய் என்பதுதான் அன்று மக்கள் கேட்ட கேள்வி. நான் கேட்பது தொழிலாளியின் பெயரில் கட்டணம் இல்லாத உரிம அட்டை. அமெரிக்காவின் டெக்சாஸில் முடிதிருத்துநர் ஆக 1,000 மணி நேரப் படிப்பு வேண்டும். அப்பனிடம் பத்து வயதில் கத்தரி பிடித்தவரை அப்படி வகுப்பில் உட்கார வைப்பது அக்கிரமம். கிராப்பு நன்றாக இருக்கிறதா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார், அதற்குப் பரீட்சை எதற்கு? தொற்றுத் தடுப்பு ஒன்றை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தமிழில் சொல்லிக்கொடுத்து, செய்து காட்டச் சொல்லி, முடிதிருத்துவோர் நலவாரியத்தின் வழியே அட்டை கொடுக்கட்டும். போடியில் வாங்கிய அட்டை சென்னையிலும் செல்ல வேண்டும். 2020இல் வாரியத்தில் பதியாதவர்களுக்கும் ரூ. 2,000 நிவாரணம் என்று தனியாக அறிவிக்க வேண்டி வந்ததே, அட்டை இருந்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆய்வாளர் லஞ்சம் கேட்பாரே என்றால், அவர் எதையெல்லாம் பார்க்கலாம் என்ற பட்டியல் சலூன் சுவரில் அச்சாகித் தொங்கட்டும். அதற்கு மேல் அவர் கேட்க எதுவும் இருக்கக் கூடாது.

இந்த அட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதுதான் முதன்மை. பட்டியல் சாதி மக்களுக்கு முடி வெட்ட மறுக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. கடைகளில் பாகுபாடு கூடாது என்ற பிரிவில் 'கடை' என்றால் என்ன என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தபோது, சேவை தர முன்வரும் எவரும் அதில் அடங்குவார் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படி மறுப்பதைக் குற்றம் என்கிறது. அதன் 8ஆம் பிரிவு, தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உரிமமே இல்லாத கிராமத்துச் சலூனில் எதை ரத்து செய்வது? அந்தப் பிரிவு அங்கே வெறும் எழுத்து. மறுப்பவரும் பெரும்பாலும் தானாக மறுப்பதில்லை. "அவனுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம்" என்று ஆதிக்கச் சாதி மிரட்டும்போது, தானும் ஒடுக்கப்பட்டவராகிய தொழிலாளி தனியாக நிற்கிறார். "எல்லாருக்கும் வெட்டாவிட்டால் என் அட்டை போய்விடும்" என்று சொல்ல அவருக்கு ஒரு சட்டக் காரணம் கையில் இருக்கட்டும். சாதித் தொழிலை அரசு முத்திரை குத்தி நிலைநிறுத்துவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். பிறப்பைக் கேட்காமல் பயிற்சியை மட்டும் கேட்கும் அட்டை எந்தச் சாதிப் பெண்ணுக்கும் ஆணுக்கும் கிடைக்கும்.

ஆகவே கட்டணமில்லாத அட்டை, தமிழில் பயிற்சி, எல்லாருக்கும் சேவை என்ற நிபந்தனை, மருத்துவத்துக்குத் தனிக் கோடு என்ற நான்கையும் விதியாக்கச் சொல்லும் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். கொட்டகுடி கிராமசபையில் இதை நிறைவேற்றி, சுகாதாரத் துறைக்கும் தொழிலாளர் நலத் துறைக்கும் அனுப்ப நீங்கள் கை உயர்த்த வேண்டும்.