புளியந்தீவுப் பள்ளிக்கூடம் தந்த பாடம்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



“நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று செயலாளர் கேட்டார். நான் படித்தது மட்டக்களப்பு, புளியந்தீவில் உள்ள புனித மிக்கேல் கல்லூரி.

அது 1873ஆம் ஆண்டு தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். பிறகு இயேசு சபைக் குருமார் பொறுப்பெடுத்தார்கள். முதலில் பிரெஞ்சுக்காரர், பின்னர் அமெரிக்கர். பக்கத்தில் மரியாள் பேராலயம், சுற்றிவர வாவி. அந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். பாதர் லாங் என்ற குருவானவர் தண்ணீருக்குள் மைக்கை இறக்கி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார். எங்கட ஊரின் அதிசயத்தை எங்களைவிட அக்கறையாகக் கேட்டவர் ஒரு வெள்ளைக்காரர்!

நான் படித்த காலத்தில், சமய பாட மணி அடித்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம், சைவப் பிள்ளைகள் ஒரு பக்கம் போவோம். காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களும் எங்களோடு படித்தார்கள். மணி முடிந்தால் எல்லோரும் ஒரே வாங்கில்தான். நான் கிராமத்தில் இருந்து பஸ் பிடித்துப் போகிறவன். சப்பாத்து இல்லை. பின்னேரம் வெறுங்காலோடு பந்தடித்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்ற சைவப் பிள்ளையும் அங்கேதான் படித்தார், பின்னர் படிப்பித்தார். அவர்தான் ‘யாழ் நூல்’ எழுதிய சுவாமி விபுலானந்தர். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். அவரை எங்கட ஆள் என்று சொல்வதில் எங்களுக்கு இன்றைக்கும் பெருமை.

கூடைப்பந்து என்றால் பாதர் ஹெபர்ட்தான். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினார். பிறகு தொழில்நுட்ப நிலையம் ஒன்றை நடத்தி, ஏழைப் பெடியங்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார்.

1990இல் சண்டை மூண்டது. அவர் நினைத்திருந்தால் சொந்த நாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். கூட வந்த தமிழ்ப் பையனும் திரும்பவில்லை. அன்றைக்குக் காணாமற் போன எங்கட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். அவர்களோடு அவரும் ஒருவராகிப் போனார்.

பிள்ளைகளே, இதை ஏன் சொல்லுறன்? அவர் விரும்பி வந்தார். நாங்கள் துரத்தப்பட்டு வந்தோம். அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்நிய ஊரில் எப்படி வாழ்வது என்பதை அந்த மனிதரிடம் படிக்கலாம். வந்த ஊரின் சனத்தைத் தன் சனமாக நினைத்தார். தான் யார் என்பதையும் விட்டுவிடவில்லை.

நீங்களும் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் நல்லாப் படியுங்கோ, நல்லா விளையாடுங்கோ. வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை, பாஷை தெரியாமல், தனியாக நின்றால் பந்தை அந்தப் பிள்ளையிடம் போடுங்கோ. வீட்டுக்கு வந்தால் தமிழில் பேசுங்கோ.

எங்கட பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தந்தது இவ்வளவுதான்.