பயணமும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூரு சென்று வாடகைக் கார் ஓட்டும் இளைஞர்கள் உண்டு. அதே நகரில் இரவில் பேருந்திலிருந்து இறங்கி, கைப்பேசிச் செயலியில் கார் அழைக்கும் நம் பெண்மக்களும் உண்டு. இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டே இன்று பேச விழைகிறேன்.

2014 டிசம்பர் 5ஆம் நாள் இரவு தில்லியில், ஊபர் செயலி வழியாகக் கார் அழைத்த இளம்பெண்ணை அக்காரின் ஓட்டுநரே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். முன்னரே குற்ற வழக்குகளில் சிக்கியவன் அவன். அவனது பின்னணி முறையாக ஆராயப்படவில்லை. 2015 நவம்பரில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளி ஒருவன்தான். ஆயினும், விசாரிக்காமல் அவனை அனுப்பியோர் பொறுப்பிலிருந்து நழுவ முடியுமா?

மத்யன் நகரில் இரு பெண்களின் கால்நடைகளுக்கு மூஸா (அலை) அவர்கள் நீர் புகட்டியதை ஸூரத்துல் கஸஸ் விவரிக்கிறது. உதவிவிட்டுக் கூலி கேளாமல் நிழலில் ஒதுங்கினார்கள். அவர்களைப் பணியில் அமர்த்துமாறு அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோது கூறிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. ஓட்டுநர் உரிமம் வலிமைக்குச் சான்று. நம்பகத்தன்மைக்கு அவரது நடத்தையே சான்று.

அத்தந்தையோ பணிக்காலம் எட்டு ஆண்டுகள் என முன்னரே வெளிப்படையாகக் கூறினார். சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் உறுதியளித்தார். இன்று கட்டணத்தை நிறுவனம் நிர்ணயிக்கிறது. எரிபொருள் செலவும் வண்டித் தவணையும் ஓட்டுநரின் தலையில் விழுகின்றன. உரிமை கேட்டால், "நீர் தொழிலாளி அல்லர், பங்காளி" என்கின்றனர். இவ்வாதத்தைப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் நிராகரித்தது. நம் மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டு நெறிகளும், சொந்த வண்டி ஓட்டுவோருக்குக் கட்டணத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்கின்றன. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்னும் நபிமொழி புகாரீயில் பதிவாகியுள்ளது. அஞ்ச வேண்டாமா?

ஓட்டுநர் சகோதரர்களே! நிறுவனம் அநீதி இழைக்கிறது என்பதற்காக, ஒப்புக்கொண்ட கட்டணத்திற்கு மேல் பயணியிடம் பறிப்பது ஹலாலாகிவிடாது. பயணிகளே! ஓட்டுநரைத் தொலைவிலிருந்து வரவழைத்து, காரணமின்றிப் பயணத்தை ரத்து செய்வதும் அநீதியே.

இத்தொழிலாளர்களுக்கெனத் தமிழக அரசு 2023இல் நல வாரியம் அமைத்தது. கர்நாடகமும் 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. அவற்றில் பதிவு செய்ய, படித்த இளைஞர்கள் உதவ முன்வர வேண்டும். பெண்மக்களுக்கோ, வண்டி எண்ணைச் சரிபார்த்த பின்னரே ஏறவும், ஆபத்தில் 112ஐ அழைக்கவும் வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள். அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் அவர்களையே பழிக்காதீர்கள், துணை நில்லுங்கள்.

அமானிதம் பேணி, ஹலாலான உழைப்பில் வாழும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.