வீட்டில் நாம் கேட்கும் முதற் கேள்வி

(நூற்றாண்டை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குடும்பமும் பிள்ளை வளர்ப்பும்: ஒரு வைத்தியரின் பார்வை" என்பது எமக்குத் தரப்பட்ட தலைப்பு. அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்கிறோம். வைத்தியரின் பார்வை என்றால், பிள்ளைக்கு இத்தனை மணி நித்திரை, இத்தனை கோப்பை பால் என்று எழுதி வந்ததை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் இந்த மண்டபத்தில் எங்களை இரட்டைப் பின்னலோடும் மை பட்ட சட்டையோடும் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய ஆள் மாதிரிக் கதைக்க வாய் வராது. ஆகவே தாயின் இடத்தில் நின்று, எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் தாயும் தகப்பனும் வைத்தியர்கள். மூத்தது மகள், இளையது மகன். அம்மம்மாவும் எங்களோடுதான் இருக்கிறா. விடிய நாலரைக்கு எழும்பினால்தான் புட்டையோ இடியப்பத்தையோ அவித்து, சாப்பாட்டுப் பெட்டிகளைக் கட்டி, ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வாட்டுக்குப் போய்ச் சேரலாம். இங்கே இருக்கும் அநேகருடைய காலை நேரமும் இதுதான்.

மகள் ஐந்தாம் தரத்துக்கு வந்த வருடம் வீட்டில் ஒரு புதிய சட்டம் வந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை கலியாண வீடு இல்லை, கோயில் திருவிழா இல்லை, பின்னேர விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் மாதிரி வினாத்தாள், சனிக்கிழமை காலையில் சோதனை. இரவு பத்தரைக்கும் பிள்ளை மேசையில் இருக்கும். நாங்கள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம். அன்புதான். அதில் சந்தேகமில்லை.

இந்தப் பரீட்சையின் வேரைப் பார்த்தால் அது 1940களில் இருக்கிறது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலம் அது. கிராமத்தில் வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்லதொரு பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்து, படிக்கப் பணமும் கொடுப்பதுதான் நோக்கம். இன்றும் அந்த உதவி உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு அந்தப் பணமும் தேவையில்லை, வேறு பள்ளிக்கூடமும் தேவையில்லை. அப்படியிருந்தும் 200 புள்ளிகளுக்காக ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். யாருக்குத் தேவைப்பட்டது என்று யோசித்தால் பதில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் மாசி மாதமளவில் மகளுக்கு வயிற்று நோ தொடங்கியது. காலையில் பல்லுத் தீட்டும்போது, "அம்மா, வயித்துக்குள்ள நோகுது" என்பாள். தொப்புளைச் சுற்றித்தான் கையை வைப்பாள். அம்மம்மா ஓமத் தண்ணி கொடுத்தா. நாங்கள் பூச்சிக் குளிசை கொடுத்தோம். சலம் சோதித்தோம், இரத்தம் சோதித்தோம், ஸ்கானும் எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. வைத்தியர் வீட்டுப் பிள்ளை என்றால் சோதனைக்கு என்ன குறைச்சல்? கடைசியில், "உனக்கு ஒண்டுமில்லை, வெளிக்கிடு பிள்ளை" என்று சொல்லி ரியூசனுக்கு ஏற்றி அனுப்பினோம்.

ஒரு நாள் பின்னேரம் அம்மம்மா முற்றத்தில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிராமலே கேட்டா:

"ஞாயிற்றுக்கிழமையில பிள்ளைக்கு நோகிறேல்லை. போயா லீவிலயும் நோகேல்லை. ஆஸ்பத்திரியில கேக்கிற கேள்வியளை நீங்கள் ரெண்டு பேரும் வீட்டில கேக்கிறேல்லையோ?"

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவ எங்கள் அம்மா. இரண்டு வைத்தியர்கள் தவறவிட்ட நோய் வரலாற்றை அவ எடுத்து வைத்திருந்தா.

அன்று இரவு விளக்கை அணைத்தபின் மகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தோம். "ஏன் குஞ்சு, சனிக்கிழமையில கூட நோகுது?" என்று கேட்டோம். கன நேரம் பேசாமல் கிடந்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்டுமில்லை எண்டு சொன்னியள். அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுதானே நினைச்சனீங்கள்?" அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததையும் கேட்டாள்: "கட் அவுட் வராட்டி வட்ஸ்அப்பில ஆக்களுக்கு என்ன சொல்லுவியள்?"

சகோதரிகளே, ஒன்பது வயதுப் பிள்ளை தன் பரீட்சைக்குப் பயப்படவில்லை. தன் தாய் தகப்பனின் மானத்துக்குப் பயந்தது. அதை வயிற்றில் சுமந்தது.

இந்த இடத்தில் மட்டும் வைத்தியராகக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். உங்களில் பலருடைய வீட்டில் இந்த வயிற்று நோ இருக்கும் என்பதால் சொல்கிறோம். 1958 இல் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரில் ஜோன் அப்லி என்ற குழந்தை வைத்தியர், சக வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து, ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார். ஏறக்குறையப் பத்தில் ஒரு பிள்ளைக்கு, அன்றாட வேலையைக் குழப்பும் அளவுக்கு வயிற்று நோ திரும்பத் திரும்ப வந்தது. அவர்களில் மிகச் சிலரிடமே உறுப்பில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் பொருள் மற்றப் பிள்ளைகள் நடித்தார்கள் என்பதல்ல. நமது குடலின் சுவரில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. மூளையும் குடலும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. மனம் பதறும்போது குடல் இறுகும், சாதாரண அசைவும் நோவாகத் தெரியும். அந்த நோ உண்மையான நோ.

ஆனாலும் எல்லா வயிற்று நோவையும் மனதில் போட்டுவிடக் கூடாது. நோ பிள்ளையை நித்திரையால் எழுப்பினால், நிறை குறைந்தால், பிள்ளை வளராமல் நின்றால், மலத்தில் இரத்தம் போனால், பச்சை நிறமாகச் சத்தி எடுத்தால், காய்ச்சல் விடாமல் இருந்தால், நோ தொப்புளை விட்டு விலகி ஒரு பக்கமாக நின்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இவை ஒன்றும் இல்லாதபோதும் "ஒண்டுமில்லை" என்று சொல்லாதீர்கள். "நோகுது எண்டு தெரியும். பயப்பிடுற வருத்தம் இல்லை. எப்ப எப்ப நோகுது எண்டு ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பம்" என்று சொல்லுங்கள். அரைவாசி மருந்து அதுதான்.

நாங்கள் சனிக்கிழமைச் சோதனையை நிறுத்தினோம். இரவு எட்டரைக்குப் புத்தகத்தை மூட வைத்தோம். ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஒன்பது தொடக்கம் பன்னிரண்டு மணி நேர நித்திரை வேண்டும் என்று கிளினிக்கில் தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டு, வீட்டில் ஏழு மணி நேரம்கூடக் கொடுக்காமல் இருந்திருக்கிறோம். சில கிழமைகளில் நோ குறைந்தது. முற்றாகப் போக மாதங்கள் எடுத்தன.

கதை இத்தோடு நல்லபடி முடிந்தது என்று சொன்னால் அது பொய். பெறுபேறு வந்த இரவு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளிகள் குறைவு. இவ்வளவையும் விளங்கிக்கொண்ட பிறகும், போனில் அந்த இலக்கத்தைக் கண்டபோது எங்கள் முகம் ஒரு கணம் மாறியது. "பரவாயில்லையம்மா" என்று வாய் சொன்னது. பிள்ளை வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தைத் திருப்பி எடுக்க எங்களிடம் மருந்து இல்லை. அடுத்த நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். எங்கள் தலைமுறையில் பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் மரியாதை குறையும் என்று நினைத்திருந்தோம். குறையவில்லை. இன்று அவள் சாதாரண தர வகுப்பில் இருக்கிறாள். பாடம் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று வந்து சொல்கிறாள். அது எங்களுக்குக் காணும்.

அந்த நாட்களில் எங்கள் தாய்மாரைப் பற்றி அடிக்கடி யோசித்தோம். இங்கே இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் 1990களில் வளர்ந்த பிள்ளைகள். பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, மழைக்குள் நெரிபட்டுப் போய், தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய விறாந்தையில் விடிந்தது. அப்போது எங்கள் தாய்மார் கேட்டது இரண்டே கேள்விகள். "எல்லாரும் வந்திட்டியளோ? சாப்பிட்டியளோ?"

அவர்களைத் தெய்வமாக்கிப் பேச வரவில்லை. பூவரசந் தடியால் அடி வாங்காத பிள்ளை எங்களில் எவரும் இல்லை. மார்க்ஸ் குறைந்தால் ஏச்சும் விழும். ஆனால் உயிர் இருக்கிறதா என்ற பயம் முன்னுக்கு நின்றதால் கேள்விகளின் வரிசை சரியாக இருந்தது. முதலில் பிள்ளை, பிறகுதான் புள்ளி. சமாதான காலத்தில் அந்த வரிசையை நாங்கள் மாற்றிவிட்டோம். பிள்ளை வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "எத்தனை மார்க்ஸ்?" என்று கேட்கிறோம்.

இந்தப் பள்ளிக்கூடத்திலும் எங்களுக்கு அந்த முதற் கேள்வியைக் கேட்ட ஆசிரியை ஒருவர் இருந்தார். இடாப்புக் கூப்பிடும்போது பெயருக்குப் பிறகு, "காலமை என்ன சாப்பிட்டனி?" என்று கேட்பார். யாராவது குனிந்தால் மேற்கொண்டு கேட்க மாட்டார். இடைவேளையில் அந்தப் பிள்ளையை ஏதோ கொப்பி தூக்கச் சொல்லி ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போவார். திரும்பி வரும்போது பிள்ளையின் வாயில் பணிசின் சீனி ஒட்டியிருக்கும். அவர் படிப்பித்த கணக்கு மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பழக்கங்களை வைத்திருக்கிறோம். பின்னேரம் பிள்ளைகள் வந்ததும் முதற் கேள்வி சாப்பாட்டைப் பற்றி, அடுத்தது கூட்டாளிகளைப் பற்றி. படிப்பு மூன்றாவதாக வரும், சில நாட்களில் வராமலும் போகும். இரவுச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக. போன்கள், எங்களுடையவையும் சேர்த்து, அம்மம்மாவின் பனையோலைப் பெட்டிக்குள் போய்விடும். ஓன் கோல் உள்ள நாளில் இது நடக்காது. அப்போது குற்ற உணர்ச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. மகன் சொதி காய்ச்சப் பழகியிருக்கிறான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவ ஆண் பிள்ளைக்குப் பழக்காமல், பெண் பிள்ளையை வைத்தியராக்கினால் மட்டும் வீடு நேராகாது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து வந்த தோழிகள் நேற்றிரவு சொன்னார்கள், அங்கேயும் இதே கதைதான் என்று. பரீட்சையின் பெயர் வேறு. தாய் தமிழில் கேட்கிறா, பிள்ளை ஆங்கிலத்தில் "ஓகே" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்துகிறது. இரண்டு வேலை செய்துவிட்டு வரும் தாய்க்கு அந்தக் கதவைத் தட்டத் தெம்பில்லை. ஆனாலும் தட்டுங்கள். மார்க்ஸ் கேட்கத் தட்டாதீர்கள், சாப்பிடக் கூப்பிடத் தட்டுங்கள்.

எங்கள் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். ஆரம்பப் பிரிவில் பெறுபேறு வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பெரிதாக அச்சடித்து மதிலில் கட்டுகிறோம், குழுக்களில் போடுகிறோம். அந்த மதிலைக் கடந்து உள்ளே போகும் மற்றப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தான். இந்த நூற்றாண்டு வருடத்திலிருந்து அந்தப் பணத்தில், காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வோம். சத்தமில்லாமல் செய்வோம். கொப்பி தூக்கக் கூப்பிட்ட அந்த ஆசிரியையைப் போல.

நூறு வருடங்களாக இந்தக் கல்லூரி பெண் பிள்ளைகளை உள்ளே எடுத்து, மனுஷிகளாக வெளியே அனுப்பியிருக்கிறது. எங்களை வளர்த்ததற்கு நன்றி. எங்கள் பிள்ளைகளையும் அப்படியே வளர்க்க முயல்வோம். பிழை விட்டால் மன்னிப்புக் கேட்போம்.

எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போங்கள்.