50 மீட்டர் தெரிந்தால் போதுமா?



ஜனவரி மாதத்துக் காலை. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன விமானம் அங்கே இறங்காமல் ஜெய்ப்பூருக்குத் திரும்பிவிடுகிறது. தரையிறங்கியதும் பயணி ஒருவர் கைப்பேசியைத் தட்டிப் பார்க்கிறார். அதே நேரத்தில் இன்னொரு கம்பெனி விமானம் டெல்லியிலேயே இறங்கியிருக்கிறது. "அவன் இறக்கிட்டான், நம்ம ஆளுக்கு என்ன பயம்?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பொருமுகிறார். பயத்துக்கும் தைரியத்துக்கும் இதில் இடமே கிடையாது. எல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கை ஆர்.வி.ஆர். என்பார்கள். ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும் விமானிக்குத் தரைக் குறிகளும் விளக்குகளும் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்பதுதான் அது. இன்று பெரிய விமான நிலையங்களில் இதைக் கருவி சொல்கிறது. விமானம் தரைதொடும் இடம், பாதையின் நடு, கடைசி என ஓடுபாதை ஓரத்தில் கருவிகள் நிற்கும். ஒரு முனையிலிருந்து கிளம்பும் ஒளியில் எவ்வளவு மறுமுனைக்கு வந்து சேர்கிறது என்று பார்த்து, பனி விழுங்கியது எவ்வளவு என்று கணக்கிடும். பெங்களூரில் உள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' என்ற கருவி நம் நாட்டு நிலையங்கள் பலவற்றில் இருக்கிறது.

மேலிருந்து பார்த்தால் ஓடுபாதை தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், அதுதான் ஆபத்தே. தரையை ஒட்டி 30 மீட்டர் உயரத்துக்குப் பனி படிந்திருக்கிறது என்று வையுங்கள். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் 30 மீட்டர் பனிக்குள்தான் பார்வை போகிறது. பாதை பளிச்சென்று தெரியும். ஆனால் விமானம் செங்குத்தாக இறங்குவதில்லை. ஏறக்குறைய 3 டிகிரி சாய்வில் வருகிறது. அந்தச் சாய்வில் பார்வை 570 மீட்டர் பனியைத் துளைக்க வேண்டும். மேலே இருந்தபோது கண்ணுக்குத் தெரிந்த ஓடுபாதை, கிட்டே வர வர மறைந்துபோகும்.

அதனால்தான் விதியில் உயரமும் சேர்ந்து வருகிறது. தரையிறங்குவதில் 'கேட் 1' என்கிற சாதாரண வகையில், ஆர்.வி.ஆர். குறைந்தது 550 மீட்டர் இருக்க வேண்டும். வழிகாட்டும் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டு விமானம் 200 அடி வரை இறங்கலாம். அந்த உயரம் வந்ததும் விமானி அறையில் இயந்திரக் குரல் 'மினிமம்' என்று சொல்லும். விமானி நிமிர்ந்து பார்ப்பார். விளக்கு வரிசை தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் விசையைக் கூட்டி மேலே ஏறியாக வேண்டும். இன்னும் ஒரு பத்தடி பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. அந்த இடத்திலிருந்து தரைக்கு இருப்பது ஏறத்தாழ 17 விநாடி. 'கேட் 2'-இல் ஆர்.வி.ஆர். 300 மீட்டர், உயரம் 100 அடி. 'கேட் 3 பி' என்பதில் 50 மீட்டர் தெரிந்தாலே போதும்.

50 மீட்டர் என்றால், ஓடுபாதை நடுவே 15 மீட்டருக்கு ஒன்றாகப் பதித்த விளக்குகளில் மூன்று தெரியும். விமானமோ விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வருகிறது. மனிதக் கண்ணால் ஆகிற காரியமில்லை. தானியங்கிக் கருவிதான் இறக்குகிறது. இந்த வித்தை புதிதல்ல. லண்டனின் பனிமூட்டத்துக்கு மருந்தாக ஆங்கிலேயர்கள் உருவாக்கிய டிரைடென்ட் விமானம், 1965-லேயே பயணிகளோடு தானாகத் தரைதொட்டது.

ஆனால் நிலையத்தில் வசதி இருந்தால் மட்டும் போதாது. விமானத்தில் அந்தக் கருவிகள் பழுதில்லாமல் இருக்க வேண்டும். விமானிகள் இருவரும் அதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் 50 மீட்டர் சலுகை போயிற்று. ஜெய்ப்பூரில் பொருமிய பயணிக்குப் பதில் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. டெல்லியில் 50 மீட்டரில் இறங்கலாம். புறப்பட 125 மீட்டர் வேண்டும். இறக்குவது கருவி, கிளப்புவது மனிதர். ஓடும்போது ஓர் என்ஜின் நின்றுபோனால், நடுக்கோட்டைக் கண்ணால் பார்த்துத்தான் விமானத்தை நேராகப் பிடிக்க வேண்டும். போதாததற்கு, தரையில் நிற்கும் விமானங்கள் வழிகாட்டும் ரேடியோ அலையைக் கலைத்துவிடும் என்பதால், பனி நாளில் விமானங்களுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விடுகிறார்கள். இப்படித்தான் இரண்டு மணி நேரப் பனி நாள் முழுக்கத் தாமதமாக நீள்கிறது. 2024 ஜனவரியில், டெல்லியில் தாமத அறிவிப்பு செய்துகொண்டிருந்த விமானி ஒருவரைப் பயணி ஒருவர் அடித்தே விட்டார். வெட்கக்கேடு.

எண்ணை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 10 சாட்சி. போலந்து அதிபர் லேக் காச்சின்ஸ்கி சென்ற விமானம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் இறங்க வந்தது. அங்கே நல்ல வழிகாட்டிக் கருவி இல்லை. 1000 மீட்டர் தெரிய வேண்டிய இடத்தில் 400 மீட்டர்தான் தெரிகிறது என்று சொல்லப்பட்டது. ஆனாலும் விமானம், தரை கண்ணுக்குத் தெரியாமலே அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கியது, மரத்தில் மோதியது. அதிபர் உட்பட 96 பேரும் இறந்தார்கள்.

மறுபடி டெல்லிக்கு வருவோம். அந்தப் பக்கம் பனி பெரும்பாலும் விடியற்காலையில் கெட்டிப்பட்டு, வெயில் ஏற ஏறக் கலையும். அதனால் டிசம்பர், ஜனவரியில் அங்கே போகிறவர்கள் நண்பகலுக்கு மேல் இறங்கும் விமானத்தில் டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து வேறு விமானம் பிடிக்க வேண்டுமென்றால், நடுவில் நாலைந்து மணி நேரமாவது விட்டுவையுங்கள்.