நீலம் தோன்றும் வேளை



ஐதரசன் பரொட்சைட்டும் பொற்றாசியம் அயடைட்டும் அமிலக் கரைசலிலே தாக்கமுற்று அயடீனைத் தருகின்றன. அதனுடன் சிறிதளவு சோடியந் தயோசல்பேற்றும் மாப்பொருளும் சேர்த்தால், தோன்றும் அயடீனைத் தயோசல்பேற்று உடனுக்குடன் விழுங்கிவிடும். அது தீர்ந்த கணத்திலே கரைசல் முழுதும் சட்டென நீலமாகும். இதுவே இரசாயனக் கடிகாரம். நீலம் தோன்றும் நேரம் குறைந்தால் தாக்கவீதம் கூடியதென்பது பொருள்.

முதன்முறை 80 விநாடி சென்றது. வெப்பநிலையையும் மற்றைச் செறிவுகளையும் மாற்றாது, அயடைட்டின் செறிவை மட்டும் இருமடங்காக்கினேன். சமன்பாட்டிலே அயடைட்டு இரண்டு. ஆகவே வரிசையும் இரண்டு, நேரம் காற்பங்கான 20 விநாடி என எண்ணினேன். கடிகாரமோ 41 விநாடி காட்டியது. ஏட்டிலே இலக்கத்தைத் திருத்தலாமா என மனம் சபலப்பட்டது. மீண்டும் அளந்தேன், ஏறக்குறைய அதே அரைப்பங்கு. வரிசை ஒன்றே! ஆக்கோட்டு, எசன் என்போர் இத்தாக்கத்தை அளந்து 1867இல் வெளியிட்ட முடிவும் அதுவே.

காரணம், மெதுவான படியிலே பங்குகொள்வது ஓர் அயடைட்டு அயன் மாத்திரமே. இரணைமடுவில் வாய்க்கால்கள் எத்தனையாயினும் துருசு விடும் அளவே நீர் பாயுமன்றோ?

வரிசையைச் சமன்பாடு சொல்லாது, அளவீடே சொல்லும். கண்டதைக் கண்டபடி எழுதுவதும் ஒரு விரதமே.