மலேரியாவும் சிற்றூர் நலப்பணியாளரும்



மலேரியா என்னும் சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. கெட்ட காற்று என்பது அதன் பொருள். சதுப்பு நிலங்களின்மீது தவழ்ந்து வரும் காற்றே இக்காய்ச்சலை விளைவிக்கிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நம் முன்னோரோ காரணத்தை ஊகிக்க முற்படாமல், அது விட்டுவிட்டு வரும் இயல்பைக் கண்டு முறைக்காய்ச்சல் என்றும், உடல் நடுங்குவதைக் கண்டு குளிர்காய்ச்சல் என்றும் வழங்கினர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இவற்றுள் தமிழ்ப் பெயர்களே நேர்மையானவையாகத் தோன்றுகின்றன. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பார் கொசுவின் வயிற்றினுள்ளே இந்நோயின் கிருமியைக் கண்டார். காற்றின்மீது இருந்த பழி அன்றே நீங்கிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நாடு விடுதலை பெற்றபோது ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர் என்றும், எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தனர், இரு வாரங்களுக்கு ஒருமுறை பணியாளர் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உண்டா என வினவினர். 1965-ஆம் ஆண்டளவில் நோயாளர் எண்ணிக்கை ஓர் இலட்சமாகக் குறைந்தது. வெற்றி கிட்டிவிட்டது என்றே யாவரும் கருதினர். ஆயின் 1976-இல் அவ்வெண்ணிக்கை 64 இலட்சத்தை எட்டிற்று.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. கொசுக்கள் பூச்சிமருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. கிருமிகளும் குளோரோக்குயின் மருந்தை எதிர்க்கத் தலைப்பட்டன. மருந்துச் சரக்கு உரிய காலத்தில் வந்து சேரவில்லை. இவை நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது வேறொன்று. காய்ச்சல் அரிதானவுடன் அதனைத் தேடி நடந்த கால்களும் ஓய்ந்தன. குக்கிராமம் ஒன்றில் மழைக்காலத்தில் ஒரு குழந்தைக்கு உடம்பு கொதித்தால், அதனை அன்றே அறிவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

அவ்விடத்தை நிரப்ப வந்தவரே ஆஷா எனப்படும் பெண் பணியாளர். தமிழ்நாட்டில் கிராமச் செவிலியர் அமைப்பு முன்பே வேரூன்றியிருந்தமையால், அங்கு மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் இடங்களிலும் அன்றி ஆஷாக்கள் மிகுதியாக இல்லை. எனவே ஊரைவிட்டு வந்த நம்மவரில் பலர் இப்பெயரைப் பிற மாநிலங்களிலேயே முதலில் கேட்டிருப்பர். 2005-இல் தேசிய ஊரக நலத்திட்டத்தின்கீழ் இப்பணி ஏற்பட்டது. ஆங்கிலப் பெயர் ஒன்றின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த சொல் அது. வடமொழியில் ஆஷா என்பதும் தமிழில் ஆசை என்பதும் ஒரே சொல்தான். வடக்கே அது நம்பிக்கை என்ற பொருளைக் கொண்டது, நம்மிடம் வேறு வழியில் சென்றுவிட்டது. ஆயிரம் பேருக்கு ஒருவர், மலைநாட்டிலோ குடியிருப்புக்கு ஒருவர் என்பது விதி. அவர் அவ்வூரிலேயே வாழ்பவராக இருத்தல் வேண்டும். இன்று நாடெங்கும் பத்து இலட்சம் பேர்வரை இப்பணியில் உள்ளனர். 2022-இல் உலக நல நிறுவனம் அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு விருது வழங்கிச் சிறப்பித்தது.

அவர்களது பணியின் பயனை ஒடிசா மாநிலத்தில் காணலாம். கோராபுட், மல்கான்கிரி, ராயகடா, கந்தமால் முதலிய மாவட்டங்கள் காடும் மலையும் ஓடையும் நிறைந்தவை. மலையோடைகளில் மெல்ல ஓடும் தெளிந்த நீரிலேயே அங்குள்ள அனாபிலிஸ் கொசுக்களில் ஒருவகை முட்டையிடும்; சாக்கடையைத் தூர்த்துவிட்டால் கொசு ஒழியும் என்னும் நகரத்தார் கணக்கு அங்கே செல்லாது. அங்குப் பரவுவதோ பெரும்பாலும் பால்சிபாரம் என்னும் கொடிய வகை. அது மூளையைத் தாக்கினால் சில நாட்களிலேயே உயிரைப் போக்கிவிடும். குருதியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருந்த காலத்தில், முடிவுக்கு முன்பே நோயாளி இறந்துவிடுவதும் உண்டு.

இன்று ஆஷாவின் பையில் விரைவுச் சோதனைப் பெட்டி இருக்கிறது. விரல் நுனியில் ஒரு துளிக் குருதி. கால் மணி முதல் இருபது நிமிடத்திற்குள் விடை. பால்சிபாரம் எனில், சீன மூலிகை ஒன்றிலிருந்து கண்டறியப்பட்ட ஆர்ட்டிமிசினின் வகை மருந்தைப் பிறிதொரு மருந்துடன் கூட்டி மூன்று நாள் தருவர். விவாக்ஸ் என்னும் மற்றொரு வகை எனில், குளோரோக்குயின் மூன்று நாளும், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியை அழிக்கப் பிரைமாக்குயின் பதினான்கு நாளும் உண்ண வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் பிரைமாக்குயினைத் தரலாகாது. இவற்றையெல்லாம் அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் கடினமான வேலை சோதனை அன்று. மருந்தை முற்றும் உண்பித்தலே. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்துவிடும். உடம்பு தேறிய மனிதன் வயலுக்குப் போவானா, கசக்கும் மாத்திரையை எண்ணிக் கொண்டிருப்பானா? எஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று கூரையில் செருகி வைப்பதும் உண்டு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வாயிலில் வந்து நின்று, உண்டாயா என்று கேட்பதற்கு, மறுத்துப் பேச இயலாத அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி தேவை. அவள் கேட்கும் மொழியும் அவ்வீட்டு மொழியாக இருத்தல் வேண்டும். கந்தமாலில் பலர் பேசுவது குயி. அது நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி என்பதை நம்மவர் சிலரே அறிவர். தலைநகரில் அச்சிட்ட சுற்றறிக்கையை எத்தனை மொழியில் பெயர்த்தாலும் அவ்வாயிலை அது சென்றடையாது. இதனை அத்தொழிலில் உள்ளவராகிய நாமே கூறலாம்.

2017 முதல் ஒடிசா அரசு, எளிதில் அடைய இயலாத சிற்றூர்களில் காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி அனைவரையும் சோதிக்கும் இயக்கத்தை நடத்திற்று. நோயின் அறிகுறி சிறிதுமின்றிக் கிருமியைச் சுமந்து திரிவோர் பலர் அதில் வெளிப்பட்டனர். அதே காலத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மருந்து தோய்த்த கொசுவலைகளும் வழங்கப்பட்டன. 2016-இல் ஏறத்தாழ 4,44,000 ஆக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2018-இல் 66,000 ஆகவும், 2019-இல் நாற்பதாயிரத்துக்குக் கீழாகவும் இறங்கிற்று. இவ்விறக்கம் முழுவதும் ஆஷாக்களால் வந்ததென்று கூறுவது மிகையாகும். வலைக்கும் அதில் பங்குண்டு. எனினும் வலையை வீட்டுக்குள் கட்டச் செய்தவர், மீன்பிடிக்க எடுத்துச் செல்லாதே என்று தடுத்தவர் யார்?

இங்கே நம் கவலையையும் சொல்லிவிடுகிறோம். ஆஷா அரசு ஊழியர் அல்லர்; தன்னார்வப் பணியாளர் என்றே ஏடுகளில் குறிக்கப்படுகிறார். சில மாநிலங்கள் மாதந்தோறும் ஒரு தொகை வழங்குகின்றன என்றாலும், வருவாயில் பெரும்பகுதி செய்த வேலைக்கேற்ற ஊக்கத் தொகையே. மலேரியாவுக்கான ஒரு சோதனைக்கு 15 ரூபாய் என்றும், ஒரு நோயாளி மருந்தை முற்றும் உண்டு முடித்தால் தனியே ஒரு தொகை என்றும் விதிக்கப்பட்டது. அவர் தம் பணியைச் செவ்வனே செய்து ஊரில் காய்ச்சலை ஒழித்துவிட்டால், அவ்வருவாயும் சுருங்கிவிடும். நோய் மிகுந்தால் கூலி, நோய் நீங்கினால் வெறுங்கை என்னும் இவ்வேற்பாடு எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்தது அன்று; ஆயினும் இது முறையன்று என்பது நம் கருத்து. காய்ச்சலற்ற ஊரில் காவல் காப்பதற்கும் கூலி உண்டு என்றாக வேண்டும். 2030-க்குள் இந்நாட்டில் மலேரியாவை நீக்குவது அரசின் இலக்கு. 1965-இல் நேர்ந்தது மீண்டும் நேராதிருக்கவேண்டுமாயின், கடைசி நோயாளி குணமடைந்த பின்னும் பல ஆண்டுகள் அவர் நடந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ஆலை, சுரங்கம், சாலைப்பணி என வாழும் தமிழர் உளர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவுக்கு ஆஷா வரின், மொழி புரியவில்லை என்று கதவைச் சாத்தாதீர்கள். விரலை நீட்டினால் போதும். விடுமுறையில் சென்னைக்கோ மதுரைக்கோ திரும்பிய பிறகு காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தீர்கள் என்பதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாபிலிஸ் வகை சென்னையில் உண்டு. நீங்கள் கொணர்ந்த கிருமியை அது பக்கத்து வீட்டுக்குக் கொண்டுசெல்லும். விவாக்ஸ் வகையோ பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டக் கூடியது. ஆகையால், சென்ற ஆண்டு கண்ட காய்ச்சலாயினும் அதனை மறைக்காமல் கூறுங்கள். அப்போது பதினான்கு நாள் மாத்திரையை முடித்தீர்களா என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.