சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டு விரல்களை மெதுவாக வைத்துப் பாருங்கள. அங்கே துடிப்பதுதான் கழுத்துத் தமனி. இடமும் வலமுமாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் அதன் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்.

பல வேளைகளில் அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. ஒரு கை மரத்துப்போகும், வாய் கோணும், பேச்சுக் குழறும், ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் இருட்டும். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். வலி இல்லை, ஆகவே பயமும் இல்லை. "அசதிதான், படுத்தால் சரியாகும்" என்கிறோம். பெரிய ஆபத்து அந்த ஆறுதல் வார்த்தையில்தான் இருக்கிறது.

1954 மே 19 அன்று லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஈஸ்ட்காட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்படிப்பட்ட எச்சரிக்கைகள் அவருக்குப் பலமுறை வந்திருந்தன. அவருடைய உடலைக் குளிரவைத்து, தமனியின் பழுதான பகுதியை வெட்டி நீக்கி, முனைகளை இணைத்தார்கள். அதன்பின் அந்தத் தாக்குதல்கள் நின்றுவிட்டன.

அப்படியானால் பக்கவாதம் வந்த எல்லாருக்கும் உடனே அறுவை செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1960களில் அவ்வாறு செய்து பார்த்தார்கள். பழுதுபட்ட மூளைக்குள் இரத்தம் திடீரென்று பாய்ந்து, கசிந்து, சிலர் இறந்துபோனார்கள். அவசரமும் ஆளைக் கொல்லும் என்பதை மருத்துவ உலகம் அப்போது கற்றுக்கொண்டது.

காத்திருப்பதும் ஆபத்துதான். 1991இல் வட அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, எச்சரிக்கையோ சிறிய பக்கவாதமோ கண்டவர்களைக் கவனித்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 100க்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கே வந்தது. முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பலன் மிக அதிகம் என்று 2004இல் தெரியவந்தது. அறுவையிலேயே பக்கவாதம் வரும் ஆபத்து சிறிதளவு உண்டு. அதையும் மறைக்காமல் குடும்பத்தாரிடம் சொல்லவேண்டும்.

ஆகவே ஸ்கேன் எடுத்து, தமனியைச் சோதித்து, யாருக்கு இன்றே, யாருக்கு சில நாள் கழித்து, யாருக்கு மருந்து மட்டும் என்று பிரித்தறிகிறார்கள். தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால் அன்றே செய்யவேண்டியும் வரலாம். பல இடங்களில் நோயாளியை மயக்காமல், கழுத்தை மட்டும் மரக்கவைத்து, அவரோடு பேசிக்கொண்டே செய்வதுண்டு. பதில் குழறினால் மூளைக்கு இரத்தம் குறைகிறது என்று அக்கணமே தெரிந்துவிடும்.

இந்தத் திறமை எல்லாம், நோயாளி நேரத்தோடு வந்தால்தான் பயன்படும். அன்பானவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். வாய் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது இதை இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள். ஒரு வீட்டின் அப்பாவோ அம்மாவோ அதனால் எழுந்து நடப்பார்கள்.